முழங்கை வலி: ஊசி போட்டும் திரும்ப வருவது ஏன்?

கேள்வி: எனக்கு வயது 41. பரோட்டா மாஸ்டர் வேலை. மதியம் 12 கிலோ மைதா பிசைவேன், சாயங்காலம் 6 மணியிலிருந்து இரவு 11 வரை கல்லில் நிற்பேன். ஐந்து மாதமாக வலது முழங்கையின் வெளிப்பக்கம் வலி. முதலில் மாவு பிசையும்போது மட்டும் வந்தது. இப்போது டீ கிளாஸைத் தூக்கினாலே சுள்ளென்கிறது, ஈரத்துணியைப் பிழிய முடியவில்லை. ஒரு மருத்துவமனையில் முழங்கையிலேயே ஊசி போட்டார்கள். இரண்டு நாளில் வலி போய்விட்டது, பழையபடி வேலை செய்தேன். ஆறு வாரத்தில் திரும்பி வந்து, முன்பைவிட மோசமாக இருக்கிறது. வாதம், யூரிக் ஆசிட் பாருங்கள் என்கிறார் ஒருவர். கழுத்து எலும்பு தேய்ந்திருக்கும் என்கிறார் இன்னொருவர். எண்ணெய் போட்டு உருவிவிட்டால் சரியாகும் என்று ஊரில் சொல்கிறார்கள். இன்னொரு ஊசி போடலாமா, எம்.ஆர்.ஐ. எடுக்கவா? சர்க்கரை எல்லையில் இருப்பதாகப் போன வருடம் சொன்னார்கள்.

என் மனைவி வீட்டில் தையல் வேலை செய்கிறார். அவருக்கும் இடது முழங்கையில் வலி, ராத்திரி சுண்டுவிரல் மரத்துப்போய் எழுந்து உதறுகிறார். இரண்டு பேருக்கும் ஒரே நோயா?

வாசகர், விருதுநகர் மாவட்டம்

பதில்: ஒரே நோய் இல்லை. உங்களுக்கு இருப்பது தசைநாண் பிரச்சினை, அதாவது தசையை எலும்போடு இணைக்கும் நாரில் வரும் கோளாறு. மெதுவாகத்தான் ஆறும், ஆனால் ஆறும். உங்கள் மனைவியின் அறிகுறிகள் நரம்பைக் காட்டுகின்றன. அவர் விரைவில் ஒரு மருத்துவரைப் பார்க்க வேண்டும். உங்கள் வலி பெரிதாக இருப்பதால் அவருடையதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். அவரைப் பற்றிக் கடைசியில் விரிவாக எழுதியிருக்கிறேன்.

முதலில் உங்கள் கை. முழங்கை வலியில் ஸ்கேனைவிட அதிகம் சொல்வது இரண்டு விஷயங்கள்: ஒரே விரலால் தொட்டுக் காட்டும்போது வலி சரியாக எந்த இடத்தில் இருக்கிறது, எந்த அசைவில் அது வருகிறது. முழங்கையைப் பாதி மடக்கி மேசையில் வையுங்கள். வெளிப்பக்கத்தில், தோலுக்கு நேர் கீழே ஓர் எலும்பு முனை துருத்திக்கொண்டிருக்கும். அதன் மேலோ, அதற்கு ஒரு விரல் அகலம் முன்னால் மணிக்கட்டுப் பக்கமாகவோ அழுத்தினால் ‘இதேதான்’ என்று சொல்லும் வலி வருகிறதா? அடுத்து, கையை நேராக நீட்டி, உள்ளங்கை தரையைப் பார்க்க வைத்து, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். பிறகு அதே நாற்காலியை உள்ளங்கை மேலே பார்க்கும்படி பிடித்துத் தூக்குங்கள். முதல் முறை சுள்ளென்று வலித்து, இரண்டாம் முறை வலி வெகுவாகக் குறைந்தால், அது டென்னிஸ் எல்போ என்று நாங்கள் சொல்லும் நிலைதான். நீங்கள் எழுதியிருக்கும் டீ கிளாஸும் ஈரத்துணியும் இதே பக்கம்தான் கை காட்டுகின்றன.

மாவு பிசைவது உள்ளங்கையால், பிடிப்பது விரல்களால். அப்படியிருக்க, முன்கையின் மேல்பக்கத் தசைக்கு ஏன் கேடு வருகிறது? இடது கை விரல்களை வலது முன்கையின் மேல்பக்கத்தில், முழங்கைக்கு நான்கு விரல் கீழே வைத்துக்கொண்டு, வலது கையை இறுக்கி முஷ்டி பிடியுங்கள். விரல்களுக்கு அடியில் தசை திரண்டு எழும். மணிக்கட்டு உள்பக்கம் மடங்கிவிட்டால் விரல்களால் இறுக்கிப் பிடிக்க முடியாது. அதனால் நீங்கள் எதைப் பிடித்தாலும் மேல்பக்கத் தசைகள் மணிக்கட்டை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டிருக்கும். கரண்டி, துணி, கேன், பைக் கைப்பிடி எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். அந்தத் தசைகள் எல்லாம் சேர்ந்து மேலே போய் ஒட்டும் இடம், உங்களுக்கு வலிக்கிற அந்தச் சின்ன எலும்பு முனை. அதில் குறிப்பாக ஒரு தசைநாண், மணிக்கட்டை நிமிர்த்தும் குட்டையான தசையுடையது, கையை நீட்டும்போது அடியில் இருக்கும் எலும்போடும் உராய்கிறது. பிடியும் இறுக்கமாக இருந்து, உள்ளங்கை கீழே பார்த்து, கையும் நீண்டிருந்தால் சுமை முழுவதும் அங்கேதான் விழும். கொத்து போடும்போது உங்கள் கை இருக்கும் நிலை கிட்டத்தட்ட இதுதான்.

அந்த இடத்தை நுண்ணோக்கியில் பார்த்தால், நாட்பட்ட வலியில், சீழோ பெரிய அழற்சியோ தெரிவதில்லை. வரிசையாக இருக்க வேண்டிய நார்கள் நைந்த கயிற்றின் பிரிகளைப் போல ஒழுங்கு குலைந்திருக்கும். தேவையில்லாத நுண்ணிய ரத்தக்குழாய்கள் முளைத்திருக்கும். பழுது பார்க்கும் வேகத்தைவிடக் கெடும் வேகம் அதிகமாகும்போது இப்படி ஆகிறது. 35 வயதுக்கும் 55 வயதுக்கும் இடையில்தான் இது மிக அதிகம், பெரும்பாலும் பழக்கக் கையில். சர்க்கரை நோயும் புகைபிடிக்கும் பழக்கமும் தசைநாண் ஆறுவதைத் தாமதப்படுத்தும். பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் நிறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி ஊசிக்கு வருவோம். உங்களுக்குப் போட்டது ஸ்டீராய்டு ஊசியாகத்தான் இருக்கும். மருந்துச் சீட்டில் டிரையம்சினலோன் அல்லது மெத்தில் பிரெட்னிசலோன் என்று இருக்கிறதா பாருங்கள். வலியை அடக்குவதில் அதற்கு இணையான வேகம் வேறு எதற்கும் இல்லை. முதல் ஆறு வாரத்துக்கு அதைப் போட்டுக்கொண்டவர்கள் மற்றவர்களைவிட நன்றாகவே இருப்பார்கள். அதற்குப் பிறகுதான் சிக்கல். ஆஸ்திரேலியாவில் 165 பேரைக் கொண்டு செய்து 2013இல் வெளியான ஆய்வில், ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டவர்களில் 54 சதவீதம் பேருக்கு ஒரு வருடத்துக்குள் வலி திரும்பி வந்தது. மருந்தில்லாத வெறும் ஊசி போட்டுக்கொண்டவர்களில் திரும்பி வந்தது 12 சதவீதம் பேருக்குத்தான். ஸ்டீராய்டு வலியை மறைக்கிறது, நார்களைக் கட்டுவதில்லை. தசைநாண் செல்கள் புது நார் சுரப்பதை அது மட்டுப்படுத்தவும் செய்கிறது. வலி மறைந்த அந்த ஆறு வாரமும் நீங்கள் 12 கிலோ மாவைப் பழையபடி பிசைந்திருக்கிறீர்கள். ஆறாத இடத்தின்மேல் முழுச் சுமை விழுந்தது. ‘முன்பைவிட மோசம்’ என்று நீங்கள் எழுதியதற்கு இதுதான் விளக்கம்.

ஆகவே இரண்டாவது ஊசி வேண்டாம் என்பதே என் ஆலோசனை. சர்க்கரை எல்லையில் இருப்பவருக்கு இந்த ஊசிக்குப் பிறகு சில நாட்கள் சர்க்கரை ஏறும் என்பதும் கணக்கில் வரவேண்டும். தோலுக்கு மிக அருகில் போடுவதால் அந்த இடத்தில் தோல் வெளுத்து, கொழுப்பு கரைந்து குழி விழுவதும் உண்டு. நம் நிறத்தில் அது பளிச்சென்று தெரியும், மறைய மாதக்கணக்கில் ஆகும்.

அப்படியானால் எதைச் செய்வது? வேலையில் சுமையைக் குறைத்து, பயிற்சியில் சுமையை அளந்து ஏற்ற வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் பலன். முழு ஓய்வு எடுத்துக் கழுத்தில் கட்டிய துணித் தொட்டிலில் கையைத் தொங்கவிட்டால் வலி குறையும், தசைநாண் இன்னும் பலவீனமாகும். வேலைக்குத் திரும்பிய மூன்றாம் நாளே வலியும் திரும்பும். ‘ஒரு மாதம் ரெஸ்ட் எடுத்தும் சரியாகவில்லை’ என்று பலர் சலித்துக்கொள்வதன் காரணம் இதுதான்.

வேலையை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. ஆனால் மூன்று நான்கு வாரத்துக்குக் கொத்து பரோட்டாவை வேறு ஆளிடம் கொடுங்கள். இரும்பைப் பிடித்துக்கொண்டு கல்லில் நூறு முறை தட்டும்போது ஒவ்வொரு அதிர்வும் அந்தத் தசைநாணில் போய் முடிகிறது. கடையில் செய்யும் எல்லா வேலையிலும் உங்கள் முழங்கைக்கு மிகக் கெட்டது அதுதான். மாவு பிசையும் மிஷின் வாங்க முதலாளி சம்மதித்தால் நல்லது. இல்லையென்றால் 12 கிலோவை ஒரே தடவையாகப் பிசையாமல் 3 கிலோ வீதம் நான்காகப் பிரித்து, இடையில் உருண்டை பிடிக்கும் வேலையையோ சால்னா வேலையையோ பாருங்கள். தண்ணீர் சேர்த்துத் திரட்டியதும் 20 நிமிடம் மூடி வைத்துவிட்டுப் பிறகு பிசைந்தால், மாவு தானாகவே இளகிப் பாதி வேலை குறையும்.

மேடையின் உயரத்தையும் பாருங்கள். முழங்கையை மடக்கி நின்றால் அது இருக்கும் உயரத்திலிருந்து ஒரு சாண் தாழ்வாக மேடை இருந்தால், உடம்பின் எடையைச் சாய்த்து, உள்ளங்கையின் அடிப்பகுதியால் அழுத்திப் பிசையலாம். மேடை உயரமாக இருந்தால் விரல்களால் பிடித்து இழுத்துத்தான் பிசைவீர்கள், அதில் எல்லாம் பிடி வேலை. மேடையை மாற்ற முடியாவிட்டால் காலடியில் ஒரு கனமான பலகை போட்டு நில்லுங்கள், ஆடாத பலகையாக இருக்க வேண்டும். கரண்டிக் கைப்பிடி மெல்லிய கம்பியாக இருந்தால் துணி சுற்றித் தடிமனாக்குங்கள். எண்ணெய்க் கையால் பிடித்தால் வழுக்கும், வழுக்குவதால் இன்னும் இறுக்கிப் பிடிப்பீர்கள். இடுப்பில் ஒரு துண்டைச் செருகிக்கொண்டு, கையையும் கைப்பிடியையும் அடிக்கடி துடைப்பது சின்ன விஷயம்தான், ஆனால் இரவு முடியும்போது வித்தியாசம் தெரியும். கேன், மாவுச் சட்டி, சிலிண்டர் எதுவானாலும் முழங்கையை விலாவோடு ஒட்டி, மடக்கி, உள்ளங்கை மேலே பார்க்கும்படி தூக்குங்கள்.

மருந்துக்கடையில் ‘டென்னிஸ் எல்போ சப்போர்ட்’ என்று கேட்டால் ஒரு பட்டை கிடைக்கும். இதைப் பலர் தவறாகவே கட்டுகிறார்கள், வலிக்கிற எலும்பின் மேலேயே. அதனால் ஒரு பயனும் இல்லை. எலும்பு முனைக்கு இரண்டு விரல் அகலம் கீழே, தசை திரண்டிருக்கும் இடத்தில், பட்டைக்கு அடியில் ஒரு விரல் நுழையும் அளவுக்கு மட்டும் இறுக்கிக் கட்ட வேண்டும். தசையின் இழுப்பு எலும்பு வரை முழுதாகப் போகாமல் பட்டை ஒரு பகுதியை வாங்கிக்கொள்ளும். வேலை நேரத்தில் மட்டும் போடுங்கள், தூங்கும்போது கழற்றிவிடுங்கள். போட்டதும் விரல் மரத்தாலோ கை வீங்கினாலோ தளர்த்துங்கள், அதிக இறுக்கத்தில் அடியில் ஓடும் நரம்பு நசுங்கும்.

இனி பயிற்சி. மூன்று மாதக் கணக்கு இது.

முதல் இரண்டு வாரம்: நாற்காலியில் உட்கார்ந்து, முழங்கையை மடக்கி, முன்கை முழுவதையும் மேசையில் வையுங்கள். உள்ளங்கை கீழே பார்க்க வேண்டும், மணிக்கட்டும் கையும் மட்டும் விளிம்புக்கு வெளியே இருக்க வேண்டும். இடது கையை வலது புறங்கையின் மேல் வைத்துக் கீழ்நோக்கி அழுத்துங்கள், வலது கை அசையாமல் எதிர்த்து நிற்கட்டும். 30 நொடியில் தொடங்கி 45 நொடி வரை. ஒரு நிமிட இடைவெளி விட்டு 5 முறை, காலை ஒரு வேளை, மாலை ஒரு வேளை. வலியைப் பத்து என்ற அளவில் வைத்துப் பார்த்தால் மூன்று வரை வந்தால் பரவாயில்லை. நான்கைத் தாண்டினால் அழுத்தத்தைக் குறையுங்கள். வேலைக்குப் போகும் முன் இதைச் செய்தால் அடுத்த சில மணி நேரம் கை இலகுவாக இருப்பதாகப் பலரும் சொல்கிறார்கள்.

மூன்றாம் வாரத்திலிருந்து அதே நிலையில், அரை கிலோ உப்பு பாக்கெட் போட்ட ஒரு மஞ்சப்பையின் காதைப் பிடித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் பாட்டிலைவிடப் பை நல்லது, பாட்டிலின் பருமனைப் பிடிக்கவே தனியாக இறுக்க வேண்டியிருக்கும். இடது கை உதவியோடு மணிக்கட்டை மேலே தூக்கி, பிறகு இடது கையை எடுத்துவிட்டு, நான்கு நொடி எண்ணிக்கொண்டே மெதுவாகக் கீழே இறக்குங்கள். பலன் தருவது இந்த இறக்கம்தான். இப்படி 10 தடவை, மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். மூன்று சுற்றிலும் 15 தடவை எளிதாக வந்துவிட்டால் எடையைக் கால் கிலோ கூட்டுங்கள். வீட்டு வேலைக்கு ஒரு கிலோ வரை வந்தால் போதும். உங்கள் தொழிலுக்கு இரண்டு கிலோ வரை வர வேண்டும். அதற்குக் குறைந்த பலத்தோடு 12 கிலோ மாவுக்குத் திரும்பினால் பழைய கதைதான்.

எடையைக் கூட்டலாமா என்பதைப் பயிற்சி நேரத்து வலியை வைத்து முடிவு செய்யாதீர்கள். மறுநாள் காலையில் எழுந்ததும் கை எப்படி இருக்கிறது என்று பாருங்கள். முந்தைய காலை போலவே இருந்தால் சரியான அளவு. அதிகமாக விறைத்து வலித்தால் முந்தைய எடைக்கு இறங்கி, ஒரு வாரம் கழித்து மறுபடி ஏறுங்கள். அவசரக்காரர்கள் இங்கேதான் கெடுத்துக்கொள்கிறார்கள். நான்காம் வாரத்தில் வலி பாதி குறைந்ததும் எடையை இரண்டு மடங்காக்குவார்கள், அல்லது ‘சரியாகிவிட்டது’ என்று பயிற்சியையே விட்டுவிடுவார்கள்.

ஆறாவது வாரம் வாக்கில் கையை நீட்டிய நிலையில் அதே பயிற்சியைத் தொடங்கலாம். கூடவே, ஒரு சுத்தியலின் பிடியை நுனியில் பிடித்து, முன்கையை மேசையில் வைத்தபடி, தலைப்பகுதி வலம் இடம் மெதுவாகச் சாயும்படி 10 தடவை திருப்புங்கள். கனமாக இருந்தால் சுத்தியல் தலைக்கு அருகில் பிடியுங்கள். தோள்பட்டைக்கும் ஏதாவது செய்ய வேண்டும். சுவரில் கை ஊன்றிச் செய்யும் தண்டால் 15 வீதம் மூன்று சுற்று போதும். தோள் சோர்ந்தால் வீச்சின் விசை முழுவதையும் மணிக்கட்டிலிருந்து எடுப்பீர்கள்.

மணிக்கட்டை உள்பக்கம் மடக்கி இழுக்கும் நீட்டல் பயிற்சியை இணையத்தில் நிறைய பார்த்திருப்பீர்கள். வலி கடுமையாக இருக்கும் இந்தக் கட்டத்தில் அதைப் பலமாகச் செய்ய வேண்டாம், நைந்த இடத்தை அது எலும்போடு வைத்து அழுத்தும்.

வலிக்கு டைக்ளோபினாக் களிம்பை நாளைக்கு மூன்று முறை மேலாகத் தடவலாம், தேய்த்து அமுக்க வேண்டாம். வேலை முடிந்து வந்த பிறகு தடவி, மற்ற கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள், நீங்கள் சாப்பாட்டில் கை வைப்பவர். தாங்க முடியாத நாளில் பாராசிட்டமால் 500 மில்லிகிராம் போடலாம், 24 மணி நேரத்தில் 3 கிராமைத் தாண்டக் கூடாது. குடிப்பழக்கமோ ஈரல் கோளாறோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் போடாதீர்கள். டைக்ளோபினாக், அசிக்ளோபினாக் போன்ற மாத்திரைகளை மாதக்கணக்கில் வாங்கி விழுங்குவது வயிற்றில் புண்ணையும் சிறுநீரகக் கேட்டையும் கொண்டுவரும். பெயர் அச்சிடாத பொட்டலத்தில் ‘வாத மாத்திரை’ என்று யாராவது கொடுத்தால் கண்டிப்பாகச் சாப்பிடாதீர்கள். அப்படி வருபவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பலமுறை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. சர்க்கரை எல்லையில் இருப்பவரை அது எல்லையைத் தாண்ட வைத்துவிடும்.

எம்.ஆர்.ஐ. இப்போது தேவையில்லை. வலியே இல்லாத நாற்பது வயதுக்காரர்களின் முழங்கையை எடுத்தாலும் பலருக்குத் தசைநாணில் ஏதாவது மாற்றம் தெரியும். அதைப் பார்த்து ‘கிழிந்திருக்கிறது’ என்று பயந்து அறுவை சிகிச்சைக்கு ஓடுபவர்கள் உண்டு. யூரிக் ஆசிட் சோதனையும் இந்த வலிக்கு எதையும் சொல்லாது. ரத்தத்தில் யூரிக் ஆசிட் கூடுதலாக இருப்பவர்கள் பலருக்கு மூட்டுவலியே இல்லை. யூரிக் ஆசிட் முழங்கையைத் தாக்கினால் ஒரே இரவில் வீங்கிச் சிவந்து, போர்வை பட்டால்கூடத் தாங்காது. நீங்கள் சொல்வது அந்த வலியே இல்லை. ஒரு சோதனை செய்துகொள்ள வேண்டுமென்றால், மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. பாருங்கள். ஒரு வருடம் ஆகிவிட்டது.

பி.ஆர்.பி. என்று உங்கள் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றி ஊசியாகப் போடும் முறையை யாராவது பரிந்துரைக்கலாம். ஆய்வுகளை மொத்தமாகச் சேர்த்துப் பார்த்தபோது, வெறும் ஊசியைவிடச் சொல்லத்தக்க பலன் எதுவும் தெரியவில்லை. அந்தப் பணத்தில் ஒரு நல்ல பிசியோதெரபிஸ்ட்டிடம் ஐந்தாறு முறை போகலாம். அறுவை சிகிச்சை என்பது ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை பயிற்சியைச் சரியாகச் செய்தும் தேறாத சிலருக்கு மட்டும். பெரும்பாலோருக்கு ஒரு வருடம், அதிகம் போனால் ஒன்றரை வருடத்துக்குள் வலி அடங்கிவிடுகிறது.

கழுத்திலிருந்து வருகிறதா என்று கேட்டது சரியான சந்தேகம். கழுத்து நரம்பு அழுந்தினால் வலி தோளிலிருந்து ஒரு கோடாக இறங்கும். கட்டைவிரலோ நடுவிரலோ மரக்கும். தலையை வலிக்கும் பக்கம் சாய்த்து அண்ணாந்து பார்த்தால் கூடும், கையைத் தூக்கித் தலைமேல் வைத்துக்கொண்டால் குறையும். எலும்பு முனையைத் தொட்டால் வலிக்காது. உங்களுக்கு மரத்துப்போவது இல்லை என்பதால் இப்போதைக்குக் கழுத்து எக்ஸ்ரே வேண்டாம். இன்னொன்று இருக்கிறது: எலும்பு முனையில் வலிக்காமல், அதற்கு மூன்று நான்கு விரல் கீழே தசைக்குள் அழுத்தினால் வலிப்பது, இரவில் குடைவது. அது அங்கே தசைக்குள் நுழையும் நரம்பு நெருக்கப்படுவதால். நாற்காலிச் சோதனையில் குழப்பமாக இருந்தால் இதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

எண்ணெய் போட்டு உருவுவதைப் பற்றி. லேசாகத் தடவினால் உங்கள் நிலையில் பெரிய கெடுதல் இல்லை, பலனும் இல்லை. வலிக்கிற எலும்பு முனையின் மேல் கட்டைவிரலை வைத்து ‘நரம்பை எடுக்கிறேன்’ என்று அழுத்த விடாதீர்கள். அடிபட்ட முழங்கையாக இருந்தால் நான் இன்னும் கடுமையாகச் சொல்வேன்: விழுந்த முழங்கையை உருவவே கூடாது. முழங்கையைச் சுற்றியுள்ள தசையில் ரத்தம் கட்டியிருக்கும்போது தேய்த்து இழுத்தால், அந்த இடத்தில் எலும்பு வளர்ந்து மூட்டு நிரந்தரமாக மடங்காமல் போகும். நம் ஊரில் முழங்கை விறைத்துப்போய் வருபவர்களில் இந்தக் கதையைச் சொல்பவர்கள் அதிகம். விழுந்த பிறகு கையை முழுதாக நீட்ட முடியவில்லை என்றால் எலும்பு முறிவு இருக்கலாம், எக்ஸ்ரே எடுங்கள். குழந்தை விழுந்து முழங்கைக்கு மேல் வீங்கினால் கட்டுக்கட்டும் இடத்துக்குப் போகாமல் நேராக மருத்துவமனைக்குப் போங்கள். மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம் நின்று விரல்கள் நிரந்தரமாக மடங்கிப்போகும். பல ஆண்டு வாழ வேண்டிய கை அது.

உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டிய வேறு சிலவும் உண்டு. முழங்கை நுனியில் எலுமிச்சை அளவு வீக்கம் வந்து, சூடாகிச் சிவந்து, காய்ச்சலும் இருந்தால் அந்த நீர்ப்பையில் கிருமி பிடித்திருக்கிறது. வீட்டில் ஊசியால் குத்தி நீர் எடுக்கக் கூடாது. கனத்தைத் தூக்கும்போது முழங்கையின் முன்மடிப்பில் ‘டப்’ என்று அறுந்து, புஜத்துச் சதை மேலே சுருண்டால் தசைநாண் அறுந்துவிட்டது. இரண்டு வாரத்துக்குள் தைத்தால்தான் நன்றாகச் சேரும். நடக்கும்போதோ படி ஏறும்போதோ இடது கையில் வலி வந்து, நின்றால் அடங்கினால், முழங்கையை விட்டுவிட்டு முதலில் இதயத்தைப் பாருங்கள்.

இனி உங்கள் மனைவி. முழங்கையின் உள்பக்கம், நுனிக்கும் உள் எலும்பு முனைக்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கும். சுவரில் இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை சுர்ரென்று ஓடுமே, அந்த இடம். அல்நார் நரம்பு அங்கே தோலுக்கு நேர் கீழே ஓடுகிறது. முழங்கையை மடக்கினால் அந்தப் பாதை குறுகி, நரம்பு இழுபடும். தையல் மிஷினில் கையை மடக்கி, முன்கையை மேசை விளிம்பில் ஊன்றி மணிக்கணக்கில் இருப்பது, இரவில் கையை மடக்கித் தலைக்கு அடியில் வைத்துத் தூங்குவது, போனைக் காதில் வைத்துப் பேசுவது மூன்றும் அந்த நரம்பை நெருக்குகின்றன.

அவரையே சோதிக்கச் சொல்லுங்கள். இரண்டு முழங்கைகளையும் முழுதாக மடக்கி ஒரு நிமிடம் வைத்திருந்தால் சுண்டுவிரலிலும், மோதிரவிரலின் சுண்டுவிரல் பக்கப் பாதியிலும் மதமதப்பு வருகிறதா? கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்தால் அது மணிக்கட்டில் நெருங்கும் வேறொரு நரம்பு. பிறகு ஒரு தாளைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டுக்கும் இடையில் பிடிக்கச் சொல்லி நீங்கள் இழுங்கள். கட்டைவிரலின் நுனி மூட்டு மடங்கினால், அல்லது தாள் எளிதாக வந்துவிட்டால், தசை பலம் குறையத் தொடங்கிவிட்டது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே புறங்கைச் சதை மற்றக் கையைவிடக் குழிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பலக்குறைவோ குழியோ இருந்தால் இந்த வாரமே போக வேண்டும். வற்றிய தசை அறுவை சிகிச்சைக்குப் பிறகும் முழுதாகத் திரும்பாது.

மதமதப்பு மட்டும் என்றால், இன்றிரவே ஒரு பெரிய குளியல் துண்டை முழங்கையைச் சுற்றித் தளர்வாகச் சுற்றி, இரண்டு இடத்தில் கட்டிக்கொண்டு தூங்கட்டும். கை முழுதாக மடங்காமல் இருந்தால் போதும். விளிம்பில் முழங்கை ஊன்றும் இடத்தில் மடித்த துணி வையுங்கள், அரை மணிக்கு ஒரு முறை கையை நீட்டச் சொல்லுங்கள். உங்கள் பட்டையை அவருக்குக் கட்டிவிடாதீர்கள், எடைப் பயிற்சியும் அவருக்கு இல்லை. இப்படி ஆறு வாரம் செய்தும் குறையாவிட்டால் நரம்பின் வேகத்தை அளக்கும் சோதனை தேவை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் நரம்பியல் பிரிவில் அதைச் செய்கிறார்கள்.

அந்தப் பள்ளத்தில் நரம்பைத் தொட்டால் இரண்டு பக்கமும் ஒரே பருமனாக இருக்கிறதா என்று மருத்துவர் பார்ப்பார். ஒரு பக்கம் கயிறு போலத் தடித்திருந்தால், உடம்பில் எங்காவது தொட்டால் தெரியாத, வெளிர்ந்த தேமல் இருக்கிறதா என்று கேட்பார். தொழுநோய் அதிகம் தாக்கும் நரம்புகளில் இது முதன்மையானது, நம் நாட்டில் இன்னும் அது இருக்கிறது. கேட்டதும் மனம் கலங்க வேண்டாம். அப்படியே இருந்தாலும் கூட்டு மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம், 6 முதல் 12 மாதத்தில் குணமாகும். ஆனால் அப்படி ஒரு தேமல் இருப்பது தெரிந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல் காட்டச் சொல்லுங்கள். மருந்தை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவுக்குக் கை மிஞ்சும்.